தூக்கி மடியில் வைக்காதீர்கள்: வீல்சேரிலும் படுக்கையிலும் இருப்பவரோடு பூனையைப் பழக்கும் முறை

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பூனை வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பூனை அம்மா பின்னாலேயே சுற்றும், ஏனென்றால் மீன் ஆய்வது அம்மா. வீல்சேரில் இருப்பவர் "வா, வா" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. பாவமே என்று யாராவது பூனையைத் தூக்கி வந்து அவர் மடியில் வைப்பார்கள். அது நான்கு காலையும் விறைத்து, நகத்தை ஊன்றி, ஒரே தாவலில் இறங்கி ஓடும். தொடையில் கீறல் மிஞ்சும். மறுநாளிலிருந்து சக்கரச் சத்தம் கேட்டாலே பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதில் பூனைமேல் தப்பில்லை, அவர்மேலும் தப்பில்லை. தூக்கி வைத்ததுதான் தப்பு. ஒருவரிடம் பூனை ஒட்ட வேண்டுமென்றால், சாப்பாடு அவரிடமிருந்து வர வேண்டும். அவர் அடுத்து என்ன செய்வார் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாமென்று தோன்றினால் எழுந்துபோக வழி இருக்க வேண்டும். கை அசையாதவரும் பேச்சு வராதவரும்கூட இந்த மூன்றையும் பூனைக்குத் தர முடியும். காலையில் பல் தேய்ப்பதிலிருந்து இரவு புரண்டு படுப்பது வரை அடுத்தவர் கையை எதிர்பார்த்தே இருப்பவருக்கு, தான் கொடுத்து இன்னோர் உயிர் வாங்கிக்கொள்கிற உறவு இது. ஆகவே வீட்டில் மற்றவர்கள் சற்றுப் பின்னால் நிற்கப் பழகுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை பொறுமை வேண்டும்.

முதலில் அவரைக் கேளுங்கள். "அவனுக்குத் துணையாக இருக்கும்" என்று மற்றவர்கள் முடிவு செய்து பூனையைக் கொண்டுவந்து விடும் வீடுகள் நிறைய. அவருக்குப் பூனை என்றால் பயமாக இருக்கலாம், மூச்சுத்திணறல் இருக்கலாம். பேச முடியாதவர் என்றால், பூனை இருக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை அழைத்துப்போய், அவர் முகம் மலர்கிறதா உடல் இறுகுகிறதா என்று பாருங்கள்.

எந்தப் பூனை

குட்டியை எடுக்காதீர்கள். குட்டி அழகுதான், ஆனால் அது அசைகிற எதையும் கடித்துப் பிடித்து விளையாடும் வயது. துடிக்கும் காலும் நடுங்கும் விரலும் அதற்கு விளையாட்டுப் பொருள். இரண்டு வயது தாண்டிய, கருத்தடை செய்த, மனிதரிடம் ஏற்கெனவே பழகிய நாட்டுப் பூனையே நல்ல தேர்வு. மீன் அங்காடி ஓரத்திலும் தெருவிலும் வளர்ந்த பூனைகளில் இப்படிப்பட்டவை உண்டு. எடுப்பதற்கு முன், அது இருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். பூனை திடுக்கிடும், அது இயல்பு. இரண்டு நிமிடத்துக்குள் காதை நிமிர்த்தி மறுபடி சாப்பாட்டுக்கு வந்தால் வீல்சேருக்கும் வாக்கருக்கும் பழகிவிடும். அரை மணி நேரம் ஒளிந்திருந்தால் அந்த வீடு அதற்கு ஒத்துவராது.

வீட்டுக்கு வருமுன் ரேபிஸ் தடுப்பூசியும், பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசியும், குடற்புழு மருந்தும் முடித்துவிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். தோலில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையா என்று காட்டுங்கள். நாள் முழுக்கப் படுத்திருப்பவரின் வியர்த்த தோலில் அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரம்: வாசனை மட்டும்

பூனை ஆளை அறிவது மூக்கால். முதல் வாரம் அவரும் பூனையும் ஒரே அறையில் இருக்கவே வேண்டாம். அவர் ஓர் இரவு தலையணையில் போட்டுப் படுத்த பழைய பருத்தி வேட்டியையோ புடவைத் துண்டையோ பூனையின் படுக்கையில் விரியுங்கள். இன்னொரு துண்டால் பூனையின் கன்னத்தையும் தாடைக்கு அடியையும் மெல்லத் துடைத்து, அதை வீல்சேரின் கால்மிதியில் கட்டிவிடுங்கள். கன்னத்தில் அதன் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தன் கன்ன வாசனை படிந்த பொருள் அதற்குத் தன்னுடைய பொருள். துணியைத் துவைக்காமல் ஏழு நாளும் மாற்றி மாற்றிப் போடுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் துவைத்துப் போட்டால் பழக்கம் முதல் நாளிலேயே நின்றுவிடும்.

நம் ஊரில் இதற்குக் கைகொடுக்க ஒரு செடியும் இருக்கிறது. மழைக்குப் பின் மதில் ஓரமெல்லாம் முளைக்கும் குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். வேரோடு பிடுங்கினால் பூனை வந்து முகர்ந்து, உருண்டு புரளும். வேரைக் கழுவி, விரல் நீளத் துண்டைத் துணியில் முடிந்து, நிறுத்தி வைத்த வீல்சேருக்கு ஓரடி தள்ளிப் போடுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். எல்லாப் பூனையும் மயங்காது, சிறு குட்டிகள் கண்டுகொள்ளாது. அந்தக் கிறக்கத்தில் சில பூனைகள் கையைக் கடிக்கும் என்பதால் அவர் மடியில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

வீல்சேரின் சத்தத்தையும் இந்த வாரத்திலேயே கவனியுங்கள். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்போம். பூனை 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். கடல் காற்றில் முன்சக்கர அச்சு துருவேறி எழுப்பும் மெல்லிய கீச்சு நமக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்கோ காதில் ஊசி. இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் சக்கரத்தில் கன்னத்தைத் தேய்க்கும் பூனை பிறகு அந்த எண்ணெயை நக்கும். ஊன்றுகோலும் வாக்கரும் தரையில் டொக் டொக்கென்று அடித்தால் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷை மாற்றுங்கள். தேய்ந்த ரப்பர் சிவப்பு சிமெண்ட் தரையில் வழுக்கவும் செய்யும்.

சோறு அவர் கையால்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றதில் பிழை இருந்தாலும் பூனை வந்துவிடும்.

கிண்ணத்தில் நாள் முழுக்கச் சாப்பாடு கிடக்கக் கூடாது. எப்போதும் நிறைந்திருக்கும் கிண்ணத்துக்கு யாரும் தேவையில்லை. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உலர் உணவு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் போதும். அதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். அதிலேயே பத்து கிராமைத் தனியே சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள், அது பழக்குவதற்கு. தனியாக எடுக்காமல் மேலும் மேலும் கொடுத்தால் இரண்டு மாதத்தில் பூனை குண்டாகி, மடிக்கு ஏறவே முடியாமல் போகும். பட்டினி போட்டும் பழக்காதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரல் கெடும்.

மீன் என்றால் உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவுமின்றி வேகவைத்து, முள் நீக்கி, சிறு நகத்தளவு உதிர்த்த துண்டுகள். பச்சை மத்தியையே தினமும் போட்டால் பி1 வைட்டமின் குறைந்து பூனை தள்ளாடும்; வேகவைத்தால் அந்தக் கேடு இல்லை. கருவாடு வேண்டாம், அதில் உப்பு மிக அதிகம்.

இனி, கொடுப்பது எப்படி என்பது அவர் உடலைப் பொறுத்தது.

விரலால் பிடித்துக் கீழே விட முடிகிறவருக்கு ஒரு பைப் போதும். ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்பில் இரண்டரை அடி வெட்டி, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, வீல்சேர் கைப்பிடியில் சாய்வாகக் கட்டுங்கள். சாய்வு செங்குத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கட்டும். மேல்வாயில் ஒரு பிளாஸ்டிக் புனல். அவர் ஓர் உருண்டையை விட்டால் அது கடகடவென்று உருண்டு கீழே கிண்ணத்தில் விழும். அந்தக் கடகடச் சத்தத்தைப் பூனை இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். கிண்ணம் சக்கரத்துக்கு ஒன்றரை அடி தள்ளி, அவர் கண்ணுக்குத் தெரியும் பக்கம் இருக்க வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கப் பார்வையும் கவனமும் குறைந்திருந்தால் நல்ல பக்கத்தில் வையுங்கள்.

விரல் பிடிக்காது, கை மட்டும் ஆடும் என்றால் நீளக் காம்புள்ள மரக்கரண்டியை முன்கையில் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். கரண்டி நுனியில் கூழாக மசித்த மீனைத் தடவினால் பூனை நின்று நக்கும். அரை நிமிடமாவது அது அவர் அருகிலேயே நிற்கும், அதுதான் வேண்டியது. உலர் உணவைக் கரண்டியில் வைக்காதீர்கள். கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

கையே எழாதவருக்குக் கடையில் விற்கும் வயர் இல்லாத காலிங் பெல்லின் பொத்தானை வாங்கி, முழங்கை படும் இடத்திலோ, தலையணையில் கன்னம் படும் இடத்திலோ இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். மணி ஓசையை மிகக் குறைவாக வையுங்கள். அவர் அழுத்தியதும் இரண்டு விநாடிக்குள் பக்கத்தில் நிற்பவர் ஒன்றும் பேசாமல், பூனையைப் பார்க்காமல், அவர் தோளருகே உள்ள தட்டில் ஒரு துண்டை வைக்க வேண்டும். வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. நான்காம் நாள் பூனை மணி கேட்டதும் உங்களை விட்டு அவர் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இங்கே தவறுவது குடும்பத்தார்தான். சமையலறையில் மீன் ஆயும்போது "இந்தா" என்று ஒரு தலையைப் போடுவது கைப்பழக்கமாக இருக்கும். அந்த ஒரு தலை அன்று அடித்த மணியையெல்லாம் வீணாக்கிவிடும். முதல் வாரம் கழிந்தபின் ஆறாம் வாரம் வரை வேறு யார் கையாலும் எதுவும் வேண்டாம். தலையை எடுத்து வைத்து, வேகவைத்து, அவரிடம் கொடுங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் பாசத்தில் பத்து முறை கொடுத்துவிடுவார்கள். தடுத்துத் திட்டாமல், காலையிலேயே மூன்று சிறு டப்பாக்களில் அளந்து வைத்துவிடுங்கள். டப்பா காலி என்றால் சாப்பாடு முடிந்தது. இது அவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

நகரும் நாற்காலி

நின்ற வீல்சேருக்குப் பழகிய பூனை, ஓடும் வீல்சேரைப் புது மிருகமாகவே பார்க்கும். பிரேக் போட்டு நிறுத்தி, ஆறடி தள்ளிச் சாப்பாடு வையுங்கள். அது வாலைத் தூக்கிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் ஐந்தடி. வாலைக் காலுக்கடியில் சுருட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்வினால் மறுபடி ஆறடிக்கே போங்கள். கிட்டே வந்தபின் ஒரு சாண் தூரம் மட்டும் நகர்த்தி நிறுத்தி, ஒரு துண்டு. பிறகு ஓரடி.

நாற்காலிக்கு அடியில் ஒருபோதும் சாப்பாடு வைக்காதீர்கள். அங்கே தின்ற பூனை அங்கேயே படுக்கும். வாலோ பாதமோ சக்கரத்தில் சிக்கினால் எலும்பு முறியும், அதோடு பழக்கமும் முடிந்தது. சாப்பாட்டு மணியிலிருந்து முற்றிலும் வேறான ஓசை ஒன்றை, சைக்கிள் மணி போல, கைப்பிடியில் பொருத்துங்கள். பிரேக்கை எடுக்குமுன் இரண்டு முறை அடித்து, மூன்று விநாடி பொறுத்து நகர வேண்டும். அவர் அடிக்க முடியாவிட்டால் தள்ளுபவர் அடிக்கட்டும். பேட்டரி வீல்சேர் என்றால் பூனை மடியில் ஏறுமுன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதன் முன்கால் ஜாய்ஸ்டிக்கை அழுத்தினால் நாற்காலி சுவரில் போய் மோதும். தலைப்பக்கம் ஏறி இறங்கும் கட்டிலிலும் இதே ஆபத்து உண்டு. இறக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள்.

தொடும் கை

தொட ஆசைப்படுபவர் முதலில் செய்வது கையை விரித்துப் பூனையின் தலைக்கு மேலிருந்து இறக்குவது. பூனைக்கு அது பருந்து இறங்குவது போல. அதற்குப் பதிலாகக் கை மடியிலோ தட்டிலோ சும்மா கிடக்கட்டும், விரல் முட்டி வெளியே பார்த்தபடி. பூனை வரும். நான்கு விரற்கடை தூரத்தில் நிற்கும். மூக்கு நுனி ஈரமாகத் துடிக்கும், மீசை முன்னுக்கு வரும். இன்னும் கையை அசைக்காதீர்கள். அடுத்து அது முட்டியில் மூக்கைத் தொட்டு, தலையைச் சாய்த்து, உதட்டோரத்திலிருந்து காதடி வரை ஒரே இழுப்பாகத் தேய்க்கும். அது தேய்த்த பிறகுதான் நம் முறை.

மூளை முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கியே இருக்கும் கை இந்த வேலைக்குக் குறையுள்ள கையே அல்ல. கன்னத்தைத் தேய்க்கப் பூனை தேடும் மேடு அந்த முட்டிதான். பெற்றோர் அந்த விரல்களை நிமிர்த்தித் தடவ வைக்கப் போராட வேண்டாம்.

முதுகில் தடவுவதைவிடக் கன்னம், காதடி, தாடைக்குக் கீழ் இந்த மூன்று இடமே போதும். மூன்று முறை தடவி நிறுத்துங்கள். மறுபடி தலையை முட்டினால் தொடரலாம். வால் நுனி அடித்துக்கொண்டால், முதுகுத் தோல் சிலிர்த்தால், காது பின்னுக்குத் திரும்பினால் அடுத்து வருவது கடி. பார்வையில்லாதவருக்கு இதைக் கையாலேயே கற்றுக்கொடுக்கலாம்: உடல் கையை நோக்கிச் சாய்ந்தால் சம்மதம், தோல் கைக்கு அடியில் இறுகினால் போதும் என்று அர்த்தம். குறுகுறுவென்ற ஓசை பட்டென்று நின்றாலும் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கை தானாக இறுகிப் பூனையின் முடியைப் பிடித்துக்கொண்டால் பதறி இரண்டு பேரையும் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். ஒருவர் பூனையின் உடலை அப்படியே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அவர் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தானே தளரும். இதை முன்கூட்டியே பிசியோதெரபிஸ்டிடம் காட்டச் சொல்லிப் பழகுங்கள். அடிக்கடி இறுகும் கை என்றால் தடித்த காலுறையைக் கையில் மாட்டி, அதன்மேல் மென்மையான பிரஷ்ஷைக் கட்டிவிடலாம்.

உடம்பே அசையாதவருக்கும் ஒரு மொழி இருக்கிறது, கண். பூனையை முறைக்காமல், பாதிக் கண்ணால் பார்த்து, தூக்கம் வருவதுபோல் மெல்ல மூடி மெல்லத் திறக்க வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண்ணிமைத்தவர்களுக்குப் பூனைகள் தாமும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொன்னதையும், முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தபின் அவர் கையை நோக்கி அதிகம் வந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

மடியும் படுக்கையும்

தானாக ஏறும் வழியைச் செய்து வையுங்கள். வீல்சேர் இருக்கை பெரும்பாலும் 18 முதல் 20 அங்குல உயரம். பக்கத்தில் பத்து அங்குல முக்காலி ஒன்று போட்டால் பூனை நகத்தை ஊன்றாமல் இரண்டு படியாக ஏறும். முக்காலியின் மேல் கோணித் துண்டை ஆணியால் அடித்து, கால்களுக்கு ரப்பர் போடுங்கள். ஒருமுறை சறுக்கிய படியில் பூனை மறுமுறை ஏறாது. கால் மெலிந்து மடி சரிவாக இருந்தால், 12 மி.மீ. பிளைவுட்டில் 16க்கு 22 அங்குலம் வெட்டி, நான்காக மடித்த டவலைச் சுற்றிக் கைப்பிடிகளின்மேல் குறுக்கே வையுங்கள். எடை தொடையில் இறங்காது. நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனி மட்டும் வெட்டுங்கள். உள்ளே தெரியும் இளஞ்சிவப்பைத் தொடாதீர்கள்.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத தொடையில் பூனை ஒரு மணி நேரம் சுருண்டு கிடந்தாலும் அவருக்குத் தெரியாது, கீறினாலும் தெரியாது. ஒரே இடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். எழுந்தபின் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குக் கீழே ஏற்படும் ஒரு கீறலோ, பூனை மேலே படுத்து மடங்கிப்போன யூரின் டியூபோ இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். தலை வெடிப்பதுபோல் வலி, முகத்தில் வியர்வை, சிவப்பு என்று கண்டால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து நேராக்குங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தொங்கும் டியூப் பூனைக்குப் பாம்பு போல, கயிறு போல. பழைய காலுறையின் நுனியை வெட்டி டியூப்மேல் உறையாகப் போட்டு, தொடையோடு பட்டையால் கட்டுங்கள். பையைத் துணிப்பைக்குள் மறையுங்கள், ஆனால் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே அது தொங்க வேண்டும். மூக்கு வழி உணவு டியூப் இருந்தால் அறையில் ஆள் இல்லாமல் பூனையை விடவே கூடாது.

ஏர் பெட்டில் பூனைக்கு இடமில்லை. ஒரு நகம் போதும், காற்று இறங்கிவிடும். அதற்காக மேலே சமுக்காளம், மெத்தை விரிப்பு என்று அடுக்கினால் படுக்கைப்புண்ணைத் தடுக்கும் பலன் போய்விடும். கட்டிலின் பக்கத்தில், அதே உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை மேடை போடுங்கள். அவர் கை எட்டும் தூரத்தில் பூனை படுக்கும். அவருடைய பழைய துணியை அதில் விரித்து வைத்தால் பெரும்பாலும் படுக்கையைவிட அந்த மேடையே அதற்குப் பிடித்துப்போகும்.

மலம் கழிக்கும் தொட்டி சக்கரம் போகும் பாதைக்கு ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். மணல் துகள் பூனையின் பாதத்தோடு வந்து, உணர்வற்ற தோலுக்கடியில் சிக்கினால் புண்ணாகும். மணலைவிடப் பெரிய மர உருண்டைகள் மேல். தினமும் அள்ளிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவரும், உறுப்பு மாற்று சிகிச்சைக்கான மருந்து எடுப்பவரும் அதைத் தொடக் கூடாது.

பூனைக்கு விஷமாகும் மருந்துகள்

ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென், வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் இரண்டும் அதற்கு ஆபத்தானவை. நம் வீடுகளில் பக்கவாதம் வந்தவருக்குத் தினமும் தேய்க்கும் தைலங்களில் கற்பூரம் இருக்கும், அதுவும் பூனைக்கு விஷம். தைலம் தேய்த்த கையை அது ஆசையாக நக்கும். தேய்த்து, ஊறி, சோப்புப் போட்டுக் கழுவும்வரை கதவைச் சாத்திவையுங்கள். பூனை நேரம் காலை என்றால் தைலம் மாலை என்று பிரித்துவிட்டால் சிக்கலே இல்லை. மாத்திரையைப் படுக்கையில் கொட்டிப் பிரிக்காமல் விளிம்புள்ள தட்டில் பிரியுங்கள்.

பூனை கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். பேச முடியாதவரின் கை கால்களைத் தினமும் குளிப்பாட்டும்போது புதுக் கீறலுக்காகப் பாருங்கள். அவர் சொல்ல மாட்டார் என்பதால் நாம்தான் பார்க்க வேண்டும்.

காது, கண், நடை

காது கேளாதவரிடம் பூனை கத்தாமல் கால் வைத்துத் தட்டக் கற்றுக்கொள்ளும், அதற்குப் பதில் கொடுத்தாலே போதும். கூப்பிட அவர் ஒரே கைச்சைகையை மாற்றாமல் காட்டட்டும். பார்வையில்லாதவர் வீட்டிலும் தள்ளாடி நடப்பவர் வீட்டிலும் பூனை காலைச் சுற்றுவதுதான் ஆபத்து. இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டையில் சிறு மணி கட்டுங்கள். சாதாரணக் கயிறு கட்டினால் ஜன்னல் கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகிவிடும். சாப்பாட்டை எப்போதும் இடுப்புயர மேடையிலேயே கொடுத்தால், நடக்கும் நேரத்தில் பூனை காலடிக்கு வராமல் மேடைக்கு ஓடும்.

திடீரென்று குரல் எழுப்பும் பிள்ளைகள் இருந்தால் அந்தக் குரலை போனில் பதிந்து, மிகக் குறைந்த ஒலியில் சாப்பாட்டு நேரத்தில் போடுங்கள். நாளுக்கு ஒரு புள்ளி கூட்டினால் பதினைந்து நாளில் பூனை தலையைக்கூட நிமிர்த்தாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரே ஒரு விதியைப் படமாக வரைந்து ஒட்டுங்கள்: பூனை உயரத்தில் இருந்தால் தொடக் கூடாது. அந்த உயரம் ஓர் அலமாரித் தட்டாக, பிள்ளையின் கை எட்டாததாக இருக்க வேண்டும்.

நான்காவது வாரத்திலும் பூனை மடிக்கு வரவில்லை, ஆனால் இரண்டடி தள்ளி அவர் பக்கம் முதுகைக் காட்டிப் படுக்கிறது என்றால் மனம் தளராதீர்கள். நம்பாத ஆளுக்குப் பூனை முதுகைக் காட்டாது. சில பூனைகள் வாழ்நாள் முழுக்க மடிக்கு வருவதேயில்லை, பக்கத்தில் மட்டுமே இருக்கும். அதை மடிக்கு இழுக்கப்போய் இருந்ததையும் கெடுத்துவிட வேண்டாம்.

புயல் நாட்களுக்கு

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வீல்சேர், மருந்து, ஏர் பெட் மோட்டார் என்று ஓடும் அவசரத்தில் பூனை பரணில் ஒளிந்துவிடும். அதைத் தேடிப் போக நேரம் இருக்காது, விட்டுப்போனால் அவர் தூங்க மாட்டார். ஆகவே அதன் கூடையைப் புரட்டாசியிலிருந்தே அவர் அறையில் திறந்து வையுங்கள். நாளுக்கு ஒரு வேளைச் சோறு அதற்குள். எச்சரிக்கை வந்த அன்றே பூனையை அந்த ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், மழை தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். ஐந்து நாள் உணவு, ஒரு பை மர உருண்டை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை அவருடைய மருந்துப் பையோடு சேர்த்தே கட்டி வையுங்கள். முகாமில் பூனையை விடுவார்களா என்று அன்று போய் நிற்காமல், மேட்டில் இருக்கும் உறவினர் வீடு ஒன்றை முன்பே பேசி வையுங்கள்.

கிளம்பும்போது கூடையை ஆட்டோவின் பின்னால் போடாதீர்கள். அவர் மடியில் ஒரு தலையணை போட்டு, அதன்மேல் கூடையை வைத்து, விளிம்பு தொடையில் அழுத்தாதபடி பட்டையால் கட்டுங்கள். அவர் இரவு போர்த்தியிருந்த துணியால் கூடையை மூடுங்கள். வழி நெடுக அவர் அதனோடு பேசிக்கொண்டு வரட்டும், பேச்சு வராதென்றால் முட்டி அந்தக் கம்பியில் படும்படி கையை வைத்துவிடுங்கள்.